ஒரே சிலந்தியா, இரண்டா? களத்திலும் மரபணுவிலும் சிலந்திச் சிற்றினங்களை ஆராய்வதற்கான முழுமையான வழிகாட்டி

ராமேசுவரம் தீவில் கிடைத்த பெரிய மரச்சிலந்தி ஒன்றுக்கு, அங்குள்ள ஹனுமவிலாசும் கோயிலின் பெயரை ஒட்டி, 2004ஆம் ஆண்டில் சிலந்தி ஆய்வாளர் ஆண்ட்ரூ ஸ்மித் 'பொசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா' என்று பெயரிட்டார். முதிய தோப்பு மரங்களின் பொந்துகளில் வாழும் இந்தச் சிலந்தியை, அதன் வாழிடம் மிகச் சிறியது என்பதால், 2008ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக வகைப்படுத்தியது. 2015ஆம் ஆண்டில் இதே சிற்றினம் கடலுக்கு அப்பால் மன்னாரிலும் இருப்பதாக இலங்கை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். இரண்டு கரைகளிலும் இருப்பது உண்மையில் ஒரே சிற்றினம்தானா, ஒன்றென்றால் அது கடலை எப்படிக் கடந்தது என்ற கேள்வி, சிலந்தி ஆய்வைக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு மிகச் சிறந்த பாடம். களப்பணி மட்டுமோ, ஆய்வகம் மட்டுமோ இதற்கு விடை சொல்லாது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதையும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே எழுதுகிறேன். இதில் சொல்லப்படும் முறைகளைச் சிறு மாற்றங்களுடன் உங்கள் தோட்டத்து வலைச்சிலந்திக்கும் வீட்டுச் சுவரில் தாவும் சிலந்திக்கும் பயன்படுத்தலாம்.

முதல் படி: கேள்வியைச் சோதிக்கத்தக்க வடிவில் எழுதுதல்

"இந்தச் சிலந்தியின் டி.என்.ஏ.வைப் பார்க்கலாம்" என்று தொடங்கும் ஆய்வு பெரும்பாலும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. எந்த முடிவு வந்தால் எதை நம்புவோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ராமேசுவரம், மன்னார் கேள்விக்கு மூன்று விடைகள் இருக்க முடியும்.

ஒன்று, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது இரு கரைகளும் ஒரே நிலமாக இருந்தன; அன்று தொடர்ச்சியாகப் பரவியிருந்த ஒரே சிற்றினத்தைப் பின்னர் உயர்ந்த கடல் இரண்டாகப் பிரித்திருக்கலாம். இரண்டு, மனிதர்களே அறியாமல் கொண்டு போயிருக்கலாம். 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடின. கப்பலில் ஏற்றிய வெட்டுமரம் ஒன்றின் பட்டைக்கு அடியில் முட்டைப்பையோடு ஒரு பெண் சிலந்தி இருந்தால் அதுவே ஒரு புதிய குடியிருப்புக்குப் போதும். இது வெறும் கற்பனை அன்று. இதே பேரினத்தைச் சேர்ந்த நீலநிறப் பொசிலோதீரியா மெட்டாலிகாவை 1899ஆம் ஆண்டில் விலங்கியலாளர் போகாக் விவரித்தது ஆந்திரத்தின் கூட்டி என்ற ஊரில் உள்ள ரயில் மரக்கிடங்கில் கிடைத்த மாதிரியைக் கொண்டுதான். அதன் உண்மையான காட்டு வாழிடம் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் 2001ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. கூட்டிக்கு அது மரத்தோடு ரயிலில் வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. மூன்றாவது விடை, இரு கரைகளிலும் இருப்பவை தோற்றத்தில் ஒத்த, ஆனால் வெவ்வேறு சிற்றினங்கள் என்பது. இந்த மூன்றும் டி.என்.ஏ.வில் மூன்று வெவ்வேறு தடங்களை விட்டுச்செல்லும். அவற்றை எப்படி வாசிப்பது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டாம் படி: அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்கவே முடியாத படி இது. வனப்பகுதி என்றால் தமிழ்நாடு வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும், தனியார் தோப்பு என்றால் உரிமையாளரின் இசைவும் வேண்டும். பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019ஆம் ஆண்டில் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனவே ஒரு கால் துண்டுகூட நாட்டெல்லையைத் தாண்ட உரிய ஆவணங்கள் தேவை. உயிரியல் பன்மயச் சட்டம், 2002இன் கீழ் மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவது தொடர்பான அனுமதிகளைச் சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் கையாளுகிறது. இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தை அணுக வேண்டும். என் கருத்தில், இத்தகைய இருநாட்டு ஆய்வில் மாதிரிகளைக் கடல் தாண்டி அனுப்பாமல், அந்தந்த நாட்டிலேயே வரிசைப்படுத்தி (அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துத் தொடரைப் படித்தறிந்து), எழுத்து வடிவிலான வரிசைகளை மட்டும் உரிய விதிகளின்படி பகிர்ந்துகொள்வதே சிறந்த வழி.

மூன்றாம் படி: களத்தில் பார்த்தல்

பகலில் மரங்களையும் இரவில் சிலந்திகளையும் பார்க்க வேண்டும். முதல் சில நாள்களில் சிலந்தியைத் தேடவே வேண்டாம். தோப்பில் உள்ள முதிய மரங்கள் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, மரத்தின் வகை, மார்பளவு உயரத்தில் அதன் சுற்றளவு, பொந்துகளின் எண்ணிக்கை, தரையிலிருந்து அவற்றின் உயரம், வாய் நோக்கும் திசை, பட்டை தளர்ந்திருக்கிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலந்தி இல்லாத மரத்தையும் அதே கவனத்தோடு பதிவு செய்ய வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். சிலந்தி இருந்த 12 மரங்களின் விவரம் மட்டும் கையில் இருந்தால், அது எந்த மரத்தை விரும்புகிறது என்பதைச் சொல்ல முடியாது. இல்லாத மரங்களின் விவரமும் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

நன்றாக இருட்டிய பிறகு சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கோடு, அதே மரங்களை அதே வரிசையில் சுற்றி வாருங்கள். வெள்ளை ஒளி பட்டவுடன் இவை பொந்துக்குள் மறைந்துவிடும். சிவப்பு ஒளியில் சற்றுத் தள்ளி அசையாமல் நின்றால், பொந்தின் வாயில் முன்னங்கால்கள் இரண்டு முதலில் தெரியும். பிறகு உடல் மெதுவாக வெளியே வந்து பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொள்ளும். மேற்புறத்தின் சாம்பல் நிறக் கோலம் மரப்பட்டையோடு அப்படியே கலந்துவிடுவதால், கண் பழகும்வரை அருகில் இருப்பதே தெரியாமல் போகலாம். நேரம், வெப்பநிலை, ஈரப்பதம், நிலவொளி, இரை பிடித்ததா, ஒரே பொந்தில் எத்தனை இருந்தன என்பவற்றையும் எழுதுங்கள். கடைசிக் குறிப்பு மிக முக்கியமானது. இப்பேரினத்தில் குஞ்சுகள் நெடுநாள் தாயின் பொந்திலேயே சேர்ந்து வாழ்வது உண்டு. ஒரே பொந்திலிருந்து ஐந்து மாதிரிகள் எடுத்தால் உங்களிடம் இருப்பது உடன்பிறந்த ஐவரின் மரபணுவாக இருக்கலாம். அது ஐந்து தனித்தனிச் சான்றுகளாகாது. பொந்துக்கு ஒரு மாதிரி என்பதை விதியாகக் கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது மேற்புறம் போதாது. பொசிலோதீரியாவில் சிற்றினங்களைப் பிரித்தறியப் பெரிதும் உதவுவது முதலாம், நான்காம் கால்களின் அடிப்புறத்தில் உள்ள மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டைகள். சிலந்தியைக் கையால் தொட வேண்டாம். இவை மின்னல் வேகத்தில் ஓடக்கூடியவை. கடித்தால் கடும் வலியும், நாள்கணக்கில் நீடிக்கக்கூடிய தசைப்பிடிப்பும் ஏற்படும். தெளிவான கண்ணாடிப் பெட்டிக்குள் தூரிகையால் மெல்ல வழிநடத்தி, அது கண்ணாடிச் சுவரில் ஏறி நிற்கும்போது அடிப்புறத்தை அளவுகோலோடு படமெடுத்து, அதே பொந்தின் வாயில் திரும்ப விட்டுவிடலாம்.

ஊர் மக்களிடம் பேசுவதையும் களப்பணியின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். பனையேறுபவர்களும் தேங்காய் பறிப்பவர்களும் மரத்தின் மேற்பகுதியை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள். வட இலங்கையில் 2009ஆம் ஆண்டில் ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த இறந்த ஆண் சிலந்தியிலிருந்துதான், 2012ஆம் ஆண்டில் பொசிலோதீரியா ராஜயீ என்ற பெயரில் வெளிவந்த விவரிப்பு தொடங்கியது. இறந்த சிலந்தி கிடைத்தால் எடுத்துவைக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள். கொன்று கொண்டுவரத் தேவையில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: உதிர்ந்த சட்டை

சாதாரணமாகக் கிடைக்கும் சிலந்திகளில் ஒரு முழு மாதிரியை எத்தனாலில் பாதுகாப்பது முறையானது. அது இல்லாமல் பிற்காலத்தில் எவரும் உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்க முடியாது. அருகிவரும் சிலந்தியில் அவ்வாறு செய்யக் கூடாது. அங்கே நமக்கு உதவுவது அது உரித்துப்போடும் சட்டை.

வலைபின்னும் சிலந்திகளில் பெரும்பாலானவை முதிர்ந்த பின் சட்டை உரிப்பதில்லை. பொசிலோதீரியா போன்ற பெரிய மயிர்ச்சிலந்திகளின் பெண்கள் முதிர்ந்த பிறகும் ஆண்டாண்டாக உரித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சட்டையின் வயிற்றுப்பகுதி, நீர் காய்ந்த மெல்லிய தாள்போல் சுருண்டு கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் ஓரிரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பைக் கலந்து, அந்தப் பகுதியை மட்டும் அரைமணி நேரம் ஊறவைத்தால் அது நெகிழும். இரண்டு தூரிகைகளால் மெல்ல விரித்து, உட்புறம் மேலே தெரியும்படி கண்ணாடித் தகட்டில் பரப்புங்கள். வெளிறிய நான்கு திட்டுகள் தெரியும். அவை இவ்வகைச் சிலந்திகளுக்கு உரிய, புத்தகத் தாள்கள்போல் அடுக்கிய இரண்டு இணைப் புத்தக நுரையீரல்களின் உறைகள். முன்னிணைக்கு நடுவே, குறுக்கே ஓடும் மடிப்பை ஒட்டி, உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடுபோன்ற உறுப்பு தெரிந்தால் அதுவே ஆணின் விந்தைப் பெண் சேமித்துவைக்கும் விந்துப்பை. அந்தச் சட்டையை உரித்தது ஒரு பெண். விந்துப்பையின் வடிவம் சிற்றின அடையாளத்துக்கு ஆதாரம். சிலந்திக்கு எந்தத் தீங்கும் இல்லாமல் பாலினம், உருவ அடையாளம், டி.என்.ஏ. மூன்றையும் ஒரே பொருளிலிருந்து பெறலாம் என்பதால்தான், சட்டை கண்ணில் பட்டால் நான் எப்போதும் மகிழ்கிறேன்.

டி.என்.ஏ.வுக்காக, ஊறவைப்பதற்கு முன்பே ஒரு காலின் துண்டைத் தனியே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடந்த சட்டையில் டி.என்.ஏ. குறைவாகவும் சிதைந்தும் இருக்கும், பூஞ்சையும் படிந்திருக்கும். எனவே மரங்களைத் தவறாமல் சுற்றி வந்து புதிதாக உரித்தவற்றைச் சேகரிக்க வேண்டும். சட்டைகள் போதாதபோது, அனுமதியில் குறிப்பிட்டிருந்தால் மட்டும், உயிருள்ள சிலந்தியின் ஒரு காலை எடுக்கலாம். சிலந்திகள் ஆபத்தில் தாமே காலைக் கழற்றிக்கொள்ளும் இயல்புடையவை. இளஞ்சிலந்திகளுக்கு அடுத்தடுத்த சட்டை உரிப்புகளில் கால் மீண்டும் வளரும். முதிர்ந்த ஆணுக்கு வளராது.

டி.என்.ஏ.வுக்கான திசுவை 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட எத்தனாலில் இட்டு, ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்றி, கழித்தல் 20 டிகிரியில் வையுங்கள். முழு மாதிரிக்கு 70 முதல் 75 விழுக்காடு ஏற்றது. அதைவிடச் செறிவான எத்தனாலில் உடல் விறைத்து, கால்கள் முறியும். ஃபார்மலினை அருகிலேயே கொண்டுவர வேண்டாம், அது டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும். தாளில் பென்சிலால் எழுதிய அடையாளச் சீட்டைக் குப்பியின் உள்ளே போடுங்கள். தொடக்கக் காலத்தில் ஒருமுறை பந்துமுனைப் பேனாவால் சீட்டுகளை எழுதி, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது எத்தனாலெல்லாம் நீலமாகவும் சீட்டுகளெல்லாம் வெறுமையாகவும் இருந்தன. சிலந்திகள் நன்றாகவே இருந்தன. ஆனால் எது எந்த மரத்திலிருந்து வந்தது என்று தெரியாததால் அவற்றில் ஒன்றையும் பயன்படுத்த முடியவில்லை. மரம், பொந்து, ஒளிப்படம், சட்டை, கால் துண்டு, பின்னர் வரப்போகும் வரிசை எல்லாவற்றுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து பிடிவாதமாக இருக்கிறேன்.

ஐந்தாம் படி: நுண்ணோக்கியின் கீழ்

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் உருவ அடையாளத்தை முடித்துவிட வேண்டும். வரிசையைப் பார்த்த பிறகு உருவத்தைப் பார்த்தால், கண் தான் எதிர்பார்ப்பதையே காணும். ஆண் சிலந்தியில் வாயருகே குட்டைக் கால்போல் இருக்கும் பெடிபால்ப்பின் நுனிக் குமிழையும், வலைபின்னும் சிலந்திகளின் பெண்ணில் வயிற்றின் அடிப்புறத்தில் உள்ள எபிஜைன் என்ற தடித்த தகட்டையும் படம் வரைந்து பழகுங்கள். பொசிலோதீரியாவில் எபிஜைன் இல்லை. அதனால்தான் விந்துப்பைக்கு அவ்வளவு முக்கியத்துவம். இளஞ்சிலந்திகளை உருவத்தால் உறுதியாக அடையாளம் காண முடியாது. அவற்றைப் பேரின அளவிலேயே நிறுத்திவிட்டு, மீதியை டி.என்.ஏ.வுக்கு விட்டுவிடுவதே நேர்மை.

பெயர்களைச் சரிபார்க்க சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியல் போதும். அதில் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் 50,000ஆவது சிற்றினம் சேர்ந்தது.

ஆறாம் படி: ஆய்வகம்

இந்தப் படியைப் பல்கலைக்கழக ஆய்வகத்தின் துணையோடுதான் செய்ய முடியும். ஆயினும் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கால் துண்டைச் சிறிதாக நறுக்கி, புரோட்டினேஸ் கே என்ற நொதி கலந்த கரைசலில் 56 டிகிரியில் இரவு முழுதும் வைத்தால் திசு கரையும்; பின்னர் சிலிக்கா சவ்வில் டி.என்.ஏ.வைப் பிடித்துக் கழுவிப் பிரித்தெடுப்பார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் திசு இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றும் இருக்க வேண்டும். அதில் டி.என்.ஏ. தெரிந்தால் அன்றைய வேலை முழுவதும் மாசுபட்டது என்று பொருள்.

அடுத்து, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.1 மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட பகுதியைப் பி.சி.ஆர். முறையில் பெருக்குவார்கள். விலங்குகளின் டி.என்.ஏ. பார்கோடு என்று அழைக்கப்படுவது இதுதான். 94 டிகிரியில் இழைகள் பிரிந்து, 48 டிகிரியை ஒட்டி, பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகளான தொடக்கி இழைகள் பொருந்தி, 72 டிகிரியில் புதிய இழை வளரும். இச்சுற்று 35 முறை நடக்கும். சட்டையிலிருந்து எடுத்த டி.என்.ஏ. சிதைந்திருப்பதால் முழு நீளமும் பெருகாமல் போகலாம். அப்போது 150 முதல் 300 எழுத்துகள் கொண்ட சிறு பகுதிகளாகப் பெருக்கி ஒன்றாக இணைக்க வேண்டும். சி.ஓ.1 மட்டும் போதாது என்பதால் உட்கரு மரபணுக்கள் சிலவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அவற்றில் 28எஸ் என்ற பகுதி எளிதாகப் பெருகும், ஆனால் நெருங்கிய உறவுகளைப் பிரித்துக் காட்டாது. வாய்ப்பு இருந்தால் நூற்றுக்கணக்கான உட்கருப் பகுதிகளை ஒரே நேரத்தில் படிக்கும் முறையை நாடுவது நல்லது.

ஏழாம் படி: வரிசையைச் சோதித்தல்

வந்த வரிசையை உடனே தரவுத்தளத்தில் இட்டுப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் இரு திசைகளிலும் படிக்கப்பட்ட அலைவரைபடங்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு உச்சிகள் தொடர்ந்து தெரிந்தால் மாசோ, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்குள் இடம்பெயர்ந்த போலிப் பிரதியோ கலந்திருக்கலாம். அடுத்து வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். இடையில் நிறுத்தக் குறி வந்தால் அது வேலைசெய்யும் மரபணு அன்று. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பொது மரபுக்குறியீட்டில் டி.ஜி.ஏ. என்பது நிறுத்தக் குறி. முதுகெலும்பில்லா விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். மென்பொருளில் ஐந்தாம் எண் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க மறந்து, நல்ல வரிசைகளைப் போலி என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

அதன் பிறகே, மரபணு வரிசைகளைச் சேமித்துவைக்கும் ஜென்பேங்க், போல்ட் என்ற பொதுத் தரவுத்தளங்களில் தேடுங்கள். அங்குள்ள பெயரும் ஒருவர் சூட்டியதே. மாதிரி எண்ணும் படமும் இல்லாத பதிவை எளிதில் நம்ப வேண்டாம். நெருங்கிய பொருத்தம் பூச்சிக்கோ பூஞ்சைக்கோ கிடைத்தால், சட்டையில் ஒட்டியிருந்த வேறெதையோ படித்திருக்கிறீர்கள்.

எட்டாம் படி: முடிவை வாசித்தல்

2005ஆம் ஆண்டில் கனடாவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 168 சிலந்திச் சிற்றினங்களின் சி.ஓ.1 வரிசைகளை ஒப்பிட்டபோது, ஒரே சிற்றினத்துக்குள் வேறுபாடு சராசரியாக 1.4 விழுக்காடும், ஒரே பேரினத்தின் வெவ்வேறு சிற்றினங்களுக்கிடையே சராசரியாக 16.4 விழுக்காடும் இருந்தன. இந்த எண்களை மனத்தில் வைத்து, "5 விழுக்காடு வேறுபட்டால் புதிய சிற்றினம்" என்று முடிவெடுப்பதுதான் இத்துறையில் நான் காணும் மிகப் பெரிய தவறு. வலைபின்னும் பல சிலந்திகளின் குஞ்சுகள் இழையை வெளியிட்டுக் காற்றில் மிதந்து நெடுந்தூரம் போகும். அவற்றின் மரபணுக்கள் தொடர்ந்து கலக்கின்றன. பெரிய மயிர்ச்சிலந்திகள் பெரும்பாலும் அவ்வாறு பறப்பதில்லை; பெண் பிறந்த மரத்துக்கு அருகிலேயே வாழ்ந்து முடிக்கும், முதிர்ந்த ஆண் மட்டுமே இணை தேடி அலையும். தாய்வழி மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா அதனால் தோப்புக்குத் தோப்பு பெரிதும் வேறுபடக்கூடும், சிற்றினம் ஒன்றாகவே இருந்தாலும். இந்த இடத்தில்தான் களக்குறிப்பு இல்லாத வரிசை நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

இனி நம் மூன்று விடைகளுக்கு வருவோம். இரு கரைகளிலும் பலவகை வரிசைகள் இருந்து, ஒரு கரையின் வகைகள் மறுகரையில் இல்லாமல், ஆனால் நெருங்கிய உறவோடு இருந்தால், பழைய நிலத்தொடர்பு பிரிந்ததன் தடம் அது. ஒரு கரையில் ஒன்றிரண்டு வகைகள் மட்டுமே இருந்து, அவை மறுகரையில் அப்படியே காணப்பட்டால், அண்மைக் காலத்தில் கொண்டுவரப்பட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மைட்டோகாண்ட்ரியாவும் உட்கரு மரபணுக்களும் தனித்தனியே ஒரே பிரிவைக் காட்டி, விந்துப்பையும் பெடிபால்ப்பும் கால்களின் அடிப்புறப் பட்டைகளும் அதை ஒத்திருந்தால் மட்டுமே இரண்டு சிற்றினங்கள் என்று பேசத் தொடங்கலாம். மைட்டோகாண்ட்ரியா மட்டும் பிரிந்து நின்றால் பொறுத்திருங்கள். வோல்பாக்கியா போன்ற, தாய்வழி பரவும் பாக்டீரியாக்கள்கூட அத்தகைய தோற்றத்தை உண்டாக்க முடியும்.

இந்த வாசிப்புக்குக் கரைக்கு 10 முதல் 15 பொந்துகளின் மாதிரிகளாவது வேண்டும். அதோடு ராமேசுவரத்தை மட்டும் மன்னாரோடு ஒப்பிடாமல், மண்டபம், ராமநாதபுரம் பக்கத்துத் தோப்புகளிலும், மன்னார்த் தீவுக்கு வெளியே இலங்கைப் பெருநிலத்திலும் தேட வேண்டும். தூரம் கூடக்கூட வேறுபாடும் படிப்படியாகக் கூடுவது இயல்பு. இடைப்பட்ட இடங்களைப் பார்க்காமல் இரு முனைகளை மட்டும் ஒப்பிட்டால், அந்தப் படிப்படியான மாற்றம் பெரும் பிளவாகத் தோன்றும்.

ஒன்பதாம் படி: ஒப்படைத்தலும் வெளியிடுதலும்

சட்டைகளையும் இறந்த மாதிரிகளையும் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்திய விலங்கியல் அளவைத்துறையின் தென்மண்டல மையம் சென்னை சாந்தோமில் இருக்கிறது. அத்தகைய நிலையான சேகரிப்பில் ஒப்படைத்து, அவர்கள் தரும் பதிவு எண்ணை உங்கள் எண்ணோடு இணைத்து வரிசைப் பதிவிலும் குறிப்பிடுங்கள்.

இருப்பிடத்தை மட்டும் துல்லியமாக வெளியிட வேண்டாம். இப்பேரினத்துச் சிலந்திகள் செல்லப்பிராணிச் சந்தையில் விலைபோகின்றன. நான்கு தசமத் துல்லியத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுப்பது பொந்தின் வாசலுக்கே வழிகாட்டுவதாகும். வட்டத்தின் (தாலுகாவின்) பெயரை மட்டும் கட்டுரையில் கொடுத்துவிட்டு, மர எண்ணோடு கூடிய முழுப் பட்டியலை அருங்காட்சியகத்திடமும் வனத்துறையிடமும் மட்டும் கொடுங்கள். ஒளிப்படங்களைப் பகிரும் முன், கைப்பேசி தானாகப் பதிந்துவைக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே பட்டியலோடு திரும்பிச் சென்று, எண்ணிட்ட மரங்களில் எவை இன்னும் நிற்கின்றன என்பதிலிருந்து கணக்கெடுப்பைத் தொடங்குங்கள்.